பார்த்தவர் கையெழுத்து

எங்கள் அறையில் அவருக்குப் பெயரே ஐயோ அக்கா. பேனா கீழே விழுந்தால் ஐயோ, கதவு காற்றில் அடித்தால் ஐயோ, யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் இரண்டு ஐயோ. ஒருமுறை ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டு அவருக்கு நல்ல பணியாளர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். மேடையில் பெயரைக் கூப்பிட்டதும், "ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலையே!" என்று எழுந்து நின்றார். அத்தனை பேரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது.

எங்கள் வேலை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். வெட்டிய கத்தி, தைத்த ஊசி, பிடித்த இடுக்கி எல்லாம் அழுக்கோடு எங்களிடம் வரும். கழுவித் துடைத்து, பச்சைத் துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே ஒரு நாடா ஒட்டி, பெரிய நீராவி இயந்திரத்துக்குள் தள்ளுவோம். நாடாவில் வெளிறிய கோடுகள் இருக்கும். உள்ளே போதுமான சூடு பட்டால் அவை கறுத்துவிடும். கறுத்தால் மூட்டை வெந்தது. கறுக்காவிட்டால் வேகாதது. "வெந்துச்சா?" "வெந்துடுச்சு, எடுத்துக்கோ" என்று நாங்கள் கத்துவதை வெளியாள் கேட்டால் சமையலறை என்றே நினைப்பான்.

தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. இந்தப் பக்கம் வேகாதது, அந்தப் பக்கம் வெந்தது. வேகாத எதுவும் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சீட்டு. தேதி, உள்ளே இருப்பது என்ன, கடைசியில் 'பார்த்தவர்' என்று ஒரு கட்டம். நாடா கறுத்ததைக் கண்ணால் கண்டவர் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். அக்காவின் கையெழுத்து கோழி கிறுக்கல்தான். ஆனால் மேல்மாடி நர்ஸுகள், "ஐயோ அக்கா கையெழுத்தா? கண்ணை மூடிக்கிட்டுப் பிரி" என்பார்கள். அவ்வளவு பயந்த மனுஷி பார்க்காமல் விடுவாரா என்ற நம்பிக்கை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அம்மா இல்லாத பிள்ளை, அத்தை வளர்த்தார். அத்தை வீட்டுச் சுவரில் நீல எழுத்தில் ஓர் அட்டை: 'தேவன் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.' சர்க்கரை டப்பாவில் கை வைத்தால் அத்தை ஒன்றும் பேச மாட்டாராம். அட்டையை நோக்கி ஒரு விரலை நீட்டுவார், அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளை போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, துணிக்குள்ளேயும் தெரியுமோ என்று நடுங்கியிருக்கிறது. அத்தை போனபின் அக்கா எடுத்துக்கொண்டு வந்த ஒரே பொருள் அந்த அட்டை. அதை இங்கே தன் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தார். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கணம் குற்றவாளி மாதிரி நின்றுவிட்டுத்தான் மேலங்கியை எடுப்பார்.

"உங்க ஆண்டவர் என்னக்கா, சிசிடிவியா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாதடி. கேட்டுக்கிட்டு இருப்பாரு."

"பாக்கறது போதாதுன்னு ஒட்டு வேற கேக்கறாரா?"

நானும் அதே சபைதான். ஆனால் நான் பின்வரிசை, ஜெபம் நீண்டால் மணி பார்க்கிற ரகம். அக்கா முன்வரிசையிலும் உட்கார மாட்டார், பின்வரிசையிலும் உட்கார மாட்டார். நடுவில், தூணுக்குப் பின்னால். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "தெரியலைடி, அங்க உக்காந்தா கொஞ்சம் மறைவா இருக்கு" என்றார். நான் சிரித்து உருண்டேன்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அவருடைய முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து ஒரு பகல்தான் இருந்தது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கால் வீக்கமாக இருக்கிறது என்று சபைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தாராம். கால் அவ்வளவொன்றும் வீங்கவில்லை, படுக்க ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை என்றார். "பாத்துட்டாருடி. பாத்து அடிச்சுட்டாரு." இதைச் சொன்னபோது அவர் அழக்கூட இல்லை. எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு தூக்கத்துக்கு ஒரு பிள்ளையை எடுக்கிற கடவுளைக் கும்பிட இவருக்கு எப்படி மனசு வருகிறது என்று நினைத்தேன். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

இருந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்று படுத்துவிட்டது. மூன்று வாரமாக ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினோம். மேலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன். அக்கா ஒவ்வொரு மூட்டையாக எடுத்து, நாடாவை விரலால் தடவிப் பார்த்து, பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முன்னாடியே எல்லாச் சீட்டுலயும் கையெழுத்து போட்டு வச்சுடுங்கக்கா. எப்படியும் நீங்கதானே பாக்கப் போறீங்க? வெளிய எடுத்ததும் பாத்துட்டு அப்படியே அனுப்பிடலாம்."

"ஐயோ, பாக்காம எப்படிடி பாத்தேன்னு போடறது?"

நாலு நாள் மறுத்தார். ஐந்தாம் நாள் காலையில் நாற்பது மூட்டை பாக்கி, போன் அலறுகிறது, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். சீட்டுகளை எடுத்து முப்பதில் மளமளவென்று கிறுக்கினார். கிறுக்கும்போது ஒருதடவை அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அது மூடித்தான் இருந்தது.

முப்பதும் தையல் மூட்டைகள். காயம் தைக்கிற ஊசி பிடிப்பான், கத்தரி, இடுக்கி. சீட்டு ஒட்டி இயந்திரத்தில் அடுக்கியது நான். இருபத்தொன்பது போயிற்று. முப்பதாவது நுழையவில்லை. எங்கள் பக்கத்து மேசை முழுக்கப் பெட்டிகள், வைக்க இடமில்லை. கையை நீட்டிக் கோட்டுக்கு அந்தப் பக்கத்து மேசையில் வைத்தேன். ஒரே ஒரு நிமிஷம், பெட்டிகளை நகர்த்திவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று. அப்புறம் போன் அடித்தது. மறந்தே போனேன்.

அவசரப் பிரிவு உதவியாளர் ஓடிவந்தார். "தையல் செட் ஒண்ணு, சீக்கிரம்!" மேசையில் கையெழுத்தோடு ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினார். நான் அவர் முதுகைத்தான் பார்த்தேன். நல்லது, ஒரு வேலை முடிந்தது என்றுகூட நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு இயந்திரம் திறந்தது. அக்கா ஒவ்வொன்றாக நாடாவைத் தடவிப் பார்த்து எண்ணினார். இருபத்தொன்பது. மறுபடி எண்ணினார். மூன்றாம் தடவை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். வாய் 'ஐயோ' என்று அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு அப்போதுதான் அந்த மேசை ஞாபகம் வந்தது.

"அக்கா... ஒண்ணு நான் அந்தப் பக்கம் வச்சேன். வேகாதது."

கழுவிய மூட்டைதான். ஆனால் வேகாதது. அதற்கு முன் அந்தக் கத்தரி யார் உடம்பில் இருந்ததோ, அவருக்கு என்ன நோயோ, எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் அவசரப் பிரிவுக்குப் போன் போட்டேன். ஏதோ கணக்குச் சரிபார்ப்பது போல், "ஒரு தையல் செட் வந்துச்சே, எந்தக் கேஸு?" என்றேன். குரல் நடுங்காமல் பேசினேன், அந்தத் திறமை எனக்கு உண்டு. தையல் கடைக்காரர் ஒருவர், துணி வெட்டுகிற பெரிய கத்தரி வலது உள்ளங்கையில் இறங்கிவிட்டது, ஏழு தையல், ஊசி போட்டு அரைமணி நேரம் உட்கார வைத்திருக்கிறோம், அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவார் என்றார்கள்.

அரைமணி நேரம்.

துணி அடுக்கும் சின்ன அறைக்குள் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். "அக்கா, இங்க பாருங்க. கழுவினதுதானே? நூத்துல தொண்ணூறு ஒண்ணும் ஆகாது. அவருக்கு மாத்திரை வேற குடுத்திருப்பாங்க. ஒண்ணும் ஆகலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்லை. பாத்துக்கலாம், விடுங்க."

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. துணி மூட்டைகளுக்கு நடுவில் முட்டி போட்டுவிட்டார். அவர் ஜெபம் பண்ணி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு ஜெபத்தை என் ஆயுசில் கேட்டதில்லை.

"ஆண்டவரே, கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்களேன். அரைமணி நேரம். பாக்காதீங்க ஆண்டவரே. கெஞ்சிக் கேக்கறேன், பாக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நானும் அதையேதான் விரும்பினேன். வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எழுந்தவர், "அந்த ஆளை ஒருதடவை பாத்துட்டு வந்துடலாம்டி" என்றார். நல்லபடியாக இருக்கிறார் என்று தெரிந்தால் மனசு ஆறும் என்று நானும் நினைத்தேன். மாடிக்குப் போனோம். படியில் அக்கா இரண்டு இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தையல்காரர் காத்திருப்பு வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருப்பார். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஏழு தையலுங்க. கட்டுறதுக்கு முன்னாடி பாத்தேன், ஒண்ணாவது நேரா இருக்கா? நான் இப்படித் தைச்சுக் குடுத்தா துணியை என் மூஞ்சியிலயே வீசிட்டுப் போவாங்க!" பக்கத்து ஆள் சிரித்தார். இவரும் சிரித்தார்.

நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். "பாத்தீங்களா? நல்லாத்தானே இருக்காரு. வாங்க போலாம்."

அவர் நகரவில்லை. "அவரு சிரிக்கிறாருடி" என்றார்.

"ஆமா, அதான் சொல்றேன்."

"பயமே இல்லாம சிரிக்கிறாரு. தெரியாததுனாலதானே சிரிக்கிறாரு? அந்தப் பயம் அவருது. அதை நான் ஒளிச்சு வச்சிருக்கேன்."

"அக்கா, வேலை போயிடும்."

"போயிடும்" என்றார். "ஐயோ, போயிடும்." சொல்லிக்கொண்டே எங்கள் தலைமை நர்ஸ் பெரிய சிஸ்டரின் அறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். தைரியமாக நடந்தார் என்று எழுத ஆசைதான். இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு, உதடு நடுங்க, ஏதோ தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி போனார். நான் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். என் பெயர் வருமா என்று கேட்கத்தான் போனேன்.

பெரிய சிஸ்டருக்கு எங்கள் தளமே நடுங்கும். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் போதும், செய்யாத தப்பும் ஞாபகத்துக்கு வரும். அக்கா சொல்லச் சொல்ல அவர் முகம் கல்லாக இருந்தது.

"சீட்டுல கையெழுத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு சிஸ்டர்."

"யார் பார்த்தது?"

"யாரும் பாக்கலை சிஸ்டர்."

"பார்த்தவர்னு கையெழுத்து இருந்துச்சுன்னு இப்பதானே சொன்னே?"

"என் கையெழுத்துதான். ஆனா நான் பாக்கலை. முன்னாடியே போட்டு வச்சேன்."

"உன் புத்தியில உதிச்சதா இது? யார் சொல்லிக் குடுத்தது?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"கையெழுத்து என்னுது சிஸ்டர்" என்றார்.

"மூட்டை எப்படிக் கோட்டைத் தாண்டிச்சு?"

"கையெழுத்து என்னுது சிஸ்டர்." அதையே மறுபடி சொன்னார். பெரிய சிஸ்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. நேரமில்லை. போனை எடுத்தார். பத்து நிமிடத்தில் தையல்காரரை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். தையலைப் பிரித்துக் கழுவி, மறுபடி தைத்து, ரத்தம் எடுத்து, ஊசிமேல் ஊசி போட்டு, ஐந்து நாள் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அக்காவை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். விசாரணை அடுத்த திங்கட்கிழமை.

உள்ளதை உள்ளபடி தையல்காரரிடம் சொல்லிவிட்டார்கள். சற்று முன் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் பேயறைந்த மாதிரி ஆனார். அக்கா கும்பிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றதும் கத்தினார். "இந்தக் கைதான்மா எனக்குச் சோறு! தெரியுமா உனக்கு? என் கண்ணு முன்னாடி நிக்காத, போ!" வார்டே திரும்பிப் பார்த்தது. அக்கா போனார். வராந்தா வரைக்கும்தான் போனார்.

மறுநாள் நாலு மணிக்கு நோயாளிகளைப் பார்க்கிற நேரம். வேலை முடிந்து நான் மேலே போனேன். எதற்கென்றால், அக்கா மனசு மாறி என் பெயரைச் சொல்லிவிட்டாரா என்று தெரிந்துகொள்ளத்தான். இவ்வளவு சொல்லிவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா தையல்காரர் கட்டிலுக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரண்டு மணி நேரமும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மணியடித்ததும் அக்கா எழுந்து வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டுவிட்டது. கை மணிக்கட்டு வரைக்கும் சிவந்து, விரல்கள் உப்பி மினுமினுத்தன. டாக்டர் வந்து கட்டை விலக்கிப் பார்த்தார். நாளைக்கும் இறங்கவில்லை என்றால் மறுபடி திறக்க வேண்டும், அதற்கப்புறம் கையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர் கட்டிய கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தார். அக்கா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் ஒருவர் படிவத்தோடு வந்தார். "வீட்டுல யாரு உங்களைப் பாத்துக்கறது? பேரு எழுதணும்."

தையல்காரர் பதில் சொல்லவில்லை. மனைவி போய் நாலு வருஷம், பெண் கடல் தாண்டி இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. நர்ஸ் மறுபடி கேட்டார். "யாரும் இல்லையா? பாத்துக்க ஆளு வேணுமே."

"என் பேரை எழுதிக்கோங்க" என்றார் அக்கா.

நர்ஸ் எழுதிக்கொண்டு போனார். தையல்காரர் மெல்லத் தலையைத் திருப்பினார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. "என்னம்மா, மூணு நாளா இப்படியே கண்கொட்டாம உக்காந்திருக்க? எனக்குப் பயமா இருக்கு."

"இல்லைங்கண்ணே... பாத்துக்கிட்டிருக்கேன்."

"எதை?"

"உங்களைத்தான். பாத்துக்கிட்டிருக்கேன்."

சொன்னவர் அப்படியே உறைந்துவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. என்னவோ யாரோ தோளைத் தட்டிய மாதிரி திரும்பிப் பார்த்தார், பின்னால் யாருமில்லை. எழுந்து விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய்விட்டார். மயக்கம் போடப் போகிறார் என்று நான் பின்னால் ஓடினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் கண்ணீர்.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"அட்டையில இருக்கறதைத்தான்டி நான் இப்ப சொன்னேன்."

"எந்த அட்டை?"

"பார்த்துக்கொண்டிருக்கிறார்." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "அவரை அடிக்கறதுக்கா நான் பாத்துக்கிட்டிருந்தேன்? தண்ணி வேணுமான்னு பாத்தேன். வீக்கம் ஏறுதான்னு பாத்தேன். கண்ணை எடுத்தா ஏதாவது ஆயிடுமோன்னு பாத்தேன். நாப்பது வருஷமா அந்த அட்டையைத் தப்பாப் படிச்சிருக்கேன்டி. எழுத்து அதே எழுத்துதான். ஐயோ... அதே எழுத்துதான்."

நானோ பின்வரிசைக்காரி.

"அப்ப அந்தக் குழந்தை?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா கம்பியை விடவில்லை. "அது எனக்குப் புரியலை. இன்னைக்கும் புரியலை. ஆனா அது அடின்னு இனிமே சொல்ல மாட்டேன். அந்த ஒரு பகல் முழுக்க அவரு எங்க ரெண்டு பேர் பக்கத்துலயும் இப்படித்தான் உக்காந்திருந்திருப்பாருன்னு இப்பத் தோணுது. எனக்குத்தான் நிமிர்ந்து பாக்கப் பயம்."

"இப்பப் பயம் போயிடுச்சா?"

"எங்கடி போச்சு! பாரு" என்று கையை நீட்டினார். விரல்கள் வெடவெடவென்று ஆடின. "அந்தக் கை சரியாகணுமே. நினைச்சா உயிரே போகுது." மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டே, "தண்ணி" என்றார்.

நாலாம் நாள் மதியம் காய்ச்சல் இறங்கியது. உயிர் போய் உயிர் வந்தது எங்களுக்கு. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது சுண்டுவிரல் மடங்கவில்லை. இனி எப்போதும் முழுசாக மடங்காது என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும். அதுவரை அவருக்கும் அக்காவுக்கும் தூக்கம் அரைகுறைதான். எனக்கும்தான்.

வீட்டுக்குக் கிளம்பும்போது தையல்காரர் அளவு நாடாவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஊசி பிடிக்கச் சுண்டுவிரல் வேண்டாம்தான்" என்றார். பிறகு அக்காவை முறைத்தார். "உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத."

"இல்லைங்கண்ணே."

"அடுத்த வெள்ளிக்கிழமை தையல் பிரிக்க வருவேன். அப்ப வந்து பக்கத்துல நில்லு. எனக்கு ஊசின்னா பயம். யார்கிட்டயும் சொல்லிடாத, தையல்காரனுக்கு ஊசின்னா பயம்னு கடை வீதியில தெரிஞ்சா மானம் போயிடும்."

அக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அழுகையும் சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் தூணுக்குப் பின்னால் உட்காரவில்லை. ஒரு இடம் தள்ளி, வெளிச்சத்தில் உட்கார்ந்தார். பின்வரிசையிலிருந்து எனக்கு அவர் முதுகு முழுசாகத் தெரிந்தது. ஜெபம் நீண்டது. நான் மணி பார்க்கவில்லை. என் காதில் அந்த இரண்டு கேள்விகளே ஓடிக்கொண்டிருந்தன: யார் சொல்லிக் குடுத்தது? மூட்டை எப்படிக் கோட்டைத் தாண்டிச்சு? அக்கா நாளைக்கும் அதே பதிலைத்தான் சொல்வார் என்று தெரியும். கையெழுத்து என்னுது. அதோடு அவர் வேலை போய்விடும், என் வேலை இருக்கும். நானே வாயைத் திறக்காதவரைக்கும் என்னை யாரும் பார்க்கப் போவதில்லை. துணி அறையில் அக்கா கெஞ்சிக் கேட்டது எனக்குத்தான் கிடைத்திருக்கிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் குளிர் எடுத்த மாதிரி நடுங்கினேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு விசாரணை. எட்டரைக்கே பெரிய சிஸ்டர் அறை வாசலில் போய் நின்றேன். அக்கா எனக்கு முன்பே அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு.

"உனக்கென்னடி வேலை இங்க?"

"அக்கா, நான் உள்ள போய்ச் சொல்லப் போறேன். கையெழுத்து யோசனை என்னுது. கோட்டைத் தாண்டி வச்சதும் நான்தான்."

அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். சொல்லவில்லை. நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் உட்காராமல் கதவருகே போனேன். கதவின் மேல்பாதியில் சின்னக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் பெரிய சிஸ்டரின் தலை குனிந்திருந்தது.

"பயமா இருக்குக்கா."

"இருக்கும்டி. எனக்கும்தான். தட்டு."

தட்டினேன். "யாரு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து கண்ணாடிக்கு நேராக வந்து நின்றுகொண்டார்.

"போ" என்றார். "நான் பாத்துக்கிட்டிருக்கேன்."